ஃபால்அவுட்டையும் ஃபால்அவுட் 2-ஐயும் ஆடி ஒப்பிடுவது எப்படி

புகழ்பெற்ற ஒரு வீடியோ கேமையும் அதன் தொடர்ச்சியையும் ஒப்பிட நினைப்பவர்கள் பெரும்பாலும் பட்டியல் போடுவதில்தான் தொடங்குகிறார்கள். எதில் ஊர்கள் அதிகம், எதில் ஆயுதங்கள் அதிகம், எதில் கதை நீளம் என்று எண்ணிப் பார்த்தால் தொடர்ச்சிதான் பெரும்பாலும் முந்தும். முதல் ஆட்டத்துக்காகச் செய்துவைத்த அத்தனையும் அதற்குத் தயாராகக் கிடைத்துவிடுகிறது அல்லவா? அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ரோல் பிளேயிங் கேமாக 1997 அக்டோபரில் இண்டர்ப்ளே நிறுவனம் வெளியிட்ட ஃபால்அவுட்டையும், அடுத்த ஆண்டே பிளாக் ஐல் ஸ்டூடியோஸின் கைவண்ணத்தில் வந்த ஃபால்அவுட் 2-ஐயும் இப்படி எண்ணிக்கையால் அளந்தால், இரண்டையும் பிரிக்கிற முக்கியமான வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும். நான் பரிந்துரைப்பது இதுதான்: ஒரே அமைப்புள்ள கதாபாத்திரத்தை இரண்டிலும் உருவாக்கி, ஒரே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஆட வேண்டும். நான் எடுத்த முடிவு எதை மாற்றியது, அந்த மாற்றத்தை ஆட்டம் எனக்கு எப்போது காட்டியது என்பதே அந்தக் கேள்வி.

இந்த முறைக்கு இந்த இரண்டும் மிகவும் பொருத்தமானவை, ஏனெனில் இரண்டும் ஒரே எஞ்சினில், அதாவது ஆட்டத்தை இயக்கும் ஒரே அடிப்படை மென்பொருளில் ஓடுகின்றன. சாய்வாக மேலிருந்து பார்க்கும் காட்சி, அறுகோணக் கட்டங்களில் முறைவைத்து நடக்கும் சண்டை, ஒவ்வோர் அசைவுக்கும் செலவாகும் ஆக்‌ஷன் பாயிண்டுகள், ஏழு அடிப்படைப் பண்புகளைக் கொண்ட ஸ்பெஷல் முறை, பதினெட்டுத் திறன்கள் என எல்லாமே பொதுவானவை. பல தொடர்களில் இரண்டாம் பாகம் வரும்போது எஞ்சினும் மாறிவிடுவதால், தொழில்நுட்பம் செய்த மாற்றம் எது, வடிவமைத்தவர்கள் விரும்பிச் செய்த மாற்றம் எது என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. முதல் ஆட்டத்துக்கு உருவம் கொடுத்த டிம் கெய்ன், லியனார்ட் போயார்ஸ்கி, ஜேசன் ஆண்டர்சன் ஆகிய மூவரும் இரண்டாவதன் பணி நடந்துகொண்டிருக்கும்போதே விலகி, 1998-இல் ட்ராய்க்கா கேம்ஸைத் தொடங்கிவிட்டார்கள். கருவிகள் அப்படியே இருக்க, கைகள் பெருமளவு மாறிவிட்டன. ஒப்பிடுபவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

பதிப்பும் பேட்சும்

எந்தப் பதிப்பை ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் இந்த ஆட்டங்களில் பதிப்பு மாறினால் ஒப்பீட்டின் விடையும் மாறும். முதலில் வெளியான ஃபால்அவுட்டில் இரண்டு காலக்கெடுக்கள் இருந்தன. உங்கள் நிலத்தடிப் புகலிடமான வால்ட் 13-இன் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வாட்டர் சிப்புக்கு மாற்றைக் கண்டுபிடிக்க 150 நாள். அதன் பிறகும், சூப்பர் மியூட்டண்ட்கள் எனப்படும் உருமாற்றப்பட்ட மனிதர்களின் படையை உரிய காலத்துக்குள் நிறுத்தாவிட்டால் 500 நாள் அளவில் அவர்கள் உங்கள் வால்ட் 13-க்குள் புகுந்துவிடுவார்கள். பின்னர் வந்த 1.1 பேட்ச் என்ற திருத்தக் கோப்பு இந்த இரண்டாவது கெடுவை 13 ஆண்டுகளாக நீட்டி, நடைமுறையில் இல்லாமலே ஆக்கிவிட்டது. எனவே பழைய விமர்சனங்களில் முதல் ஆட்டம் ஆடுபவரைத் துரத்திக்கொண்டே இருப்பதாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பேட்ச் போட்ட பதிப்பில் அந்த உணர்வைத் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

ஃபால்அவுட் 2-இல் பிரச்சினை வேறு வகையானது. பிரிட்டனில் விற்ற பதிப்பில் குழந்தைகள் கண்ணுக்குத் தெரியாதபடி செய்யப்பட்டிருந்தார்கள். டென் என்ற ஊரில் கடை வாசல்களில் நின்றுகொண்டு, கடந்துபோகிறவர்களின் பையிலிருந்து பொருளைத் திருடும் சிறுவர்கள் உண்டு. அவர்கள் உருவம் மட்டும்தான் நீக்கப்பட்டது, திருட்டு நீக்கப்படவில்லை. ஆகவே அந்தப் பதிப்பை ஆடியவருக்கு, காரணமே தெரியாமல் துப்பாக்கியும் மருந்தும் காணாமல் போகும். உங்கள் பிரதியில் டென் ஊருக்குள் நுழைந்ததும் சிறுவர்கள் தெரிகிறார்களா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், அந்த ஊரைப் பற்றிய உங்கள் தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

இன்றைய கணினிகளிலும் கைபேசிகளிலும் ஆட விரும்புபவர்களுக்கு ஃபால்அவுட் கம்யூனிட்டி எடிஷன் நல்ல வழி. அது ஆட்டத்தின் எஞ்சினைத் திரும்ப எழுதிய திறமூலத் திட்டம். விலைக்கு வாங்கிய ஆட்டத்தின் கோப்புகள் உங்களிடம் இருந்தால்தான் ஓடும். இரண்டு ஆட்டங்களுக்கும் தனித்தனியே இருப்பதால், திரையின் அளவும் வேகமும் ஒரே மாதிரி அமைந்து ஒப்பீட்டுக்கு உதவும். ஆனால் ரசிகர்கள் உருவாக்கிய வேறு இரண்டு மாட்களை (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்புகளை) முதல் சுற்றில் தவிர்த்துவிடுங்கள். எட் டு என்பது முதல் ஆட்டத்தை இரண்டாவதன் எஞ்சினுக்குள் கொண்டுவருகிறது. அதனால் இரண்டாவதில் சேர்ந்த வசதிகள் முதலாவதிலும் வந்து வேறுபாட்டை மறைத்துவிடும். ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட், வெளியீட்டுக்கு முன் வெட்டப்பட்ட இடங்களை ஃபால்அவுட் 2-இல் மீண்டும் சேர்க்கிறது. இரண்டுமே அரிய உழைப்பு; இரண்டையும் நான் விரும்பி ஆடுகிறேன். ஒப்பீட்டுக்கு மட்டும் அவை பொருந்தா.

ஒரே மனிதர், இரு உலகங்கள்

கதாபாத்திரத்தை உருவாக்கும் திரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழு பண்புகளுக்கும் சேர்த்து 40 புள்ளிகள் கிடைக்கின்றன. வலிமை 5, கவனிப்பு 6, தாங்கும் திறன் 5, கவர்ச்சி 4, அறிவு 8, சுறுசுறுப்பு 8, அதிர்ஷ்டம் 4 என்று இரண்டிலும் வையுங்கள். சுறுசுறுப்பு 8 இருந்தால் ஒரு முறைக்கு 9 ஆக்‌ஷன் பாயிண்டுகள் கிடைக்கும். அறிவு 8 இருந்தால் உரையாடலில் பெரும்பாலான கதவுகள் திறக்கும். சிறப்புத் திறன்களாகச் சிறு துப்பாக்கி, பேச்சு, பழுதுபார்த்தல் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுங்கள். கிஃப்டட் என்ற சிறப்பியல்பைப் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். எல்லாப் பண்புகளையும் அது ஒரு படி உயர்த்திவிடுவதால் எந்தப் பண்பின் குறையும் ஆட்டத்தில் உறைக்காமல் போகும். ஒப்பிடும்போது குறை உறைக்க வேண்டும்; ஆகவே அது வேண்டாம்.

ஃபால்அவுட்டை முதலில் முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். மாற்றி ஆடினால், இரண்டாவதில் பழகிய வசதிகள் இல்லாதது மட்டுமே முதலாவதில் உங்கள் கண்ணில் படும். இரண்டிலும் சேவ் செய்ய பத்து இடங்கள்தான் உண்டு. அவற்றில் நான்கைப் பெரிய முடிவுகளுக்கு முந்தைய நிலைகளுக்காக ஒதுக்கிவையுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். முடிவு எடுத்த நாளைக் கதாபாத்திரத்தின் கைக்கணினியான பிப்-பாயில் பார்த்து எழுதுங்கள். அதன் விளைவைக் கண்ட நாளையும் அதே வரியில் பின்னர் சேருங்கள். விளைவு ஆட்டத்தின் இறுதிக் காட்சியில்தான் தெரிந்தது என்றால் அப்படியே குறித்துவிடுங்கள். இந்த இரண்டு தேதிகளுக்கு இடையிலுள்ள தூரம்தான் இந்த ஒப்பீட்டின் முதுகெலும்பு.

தொடக்கத்தில் கவனிக்க வேண்டியவை

ஃபால்அவுட்டில் 2161 டிசம்பர் 5 அன்று ஒரு குகையின் இருட்டில், கையில் ஒரு 10 மி.மீ. பிஸ்டலோடு நிற்கிறீர்கள். பின்னால் வால்ட் 13-இன் கதவு மூடிவிட்டது. குகையில் எலிகள் இருக்கின்றன. விரும்பினால் சுடலாம், விரும்பாவிட்டால் ஒதுங்கி வெளியே போய்விடலாம். சில நிமிடங்களில் உலக வரைபடம் திறந்துவிடும். இரண்டாவது ஆட்டம் 2241-இல், அரோயோ என்ற பழங்குடிக் கிராமத்தின் சோதனைக் கோயிலில் தொடங்குகிறது. கையில் ஈட்டிதான். எறும்புகளையும் தேள்களையும் கடந்து, பூட்டிய கதவைத் திறந்து, இன்னொரு கதவை வெடிவைத்துத் தகர்த்து, கடைசியில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரோடு மோத வேண்டும். பேச்சில் வல்லவர் அவரைப் பேசியே சமாளிக்கலாம், கைத்திறன் உள்ளவர் சாவியைத் திருடலாம்.

மூன்று வழிகளும் இருப்பதால் காகிதத்தில் இது நல்ல பயிற்சிக் களம்தான். ஆனால் நாம் உருவாக்கிய கதாபாத்திரத்துக்கு இங்கே துப்பாக்கியே கிடைக்காது. சிறு துப்பாக்கித் திறனில் போட்ட புள்ளிகள் முதல் சில மணி நேரத்துக்கு வீணாகக் கிடக்கும். இதே மனிதர் முதல் ஆட்டத்தில் முதல் எலியையே சுட்டு வீழ்த்தியவர். எந்தத் திறன் முதலில் பயன்பட்டது, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று நோட்டில் எழுதுங்கள். என் மதிப்பீட்டில் இந்த இடத்தில் முதல் ஆட்டம் தெளிவாக மேலானது.

நாள்கணக்கு

இரண்டு ஆட்டங்களும் பிரியும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

முதல் ஆட்டத்தில் உங்களை அனுப்பிய வால்ட்டின் தலைவர் ஓவர்சியர் வைத்த நிபந்தனை எளிமையானது: வால்ட்டின் தண்ணீரைச் சுத்திகரிக்கும் சிப் பழுதாகிவிட்டது, 150 நாளுக்குள் வேறொன்று வேண்டும். இந்த ஒரு வரி ஆட்டத்தின் எல்லாச் செயல்களுக்கும் விலை வைத்துவிடுகிறது. வரைபடத்தில் நடந்தால் நாள்கள் கழியும். காயம் ஆற ஓய்வெடுத்தால் நாள் கழியும். திறனை வளர்க்கும் புத்தகத்தைப் படித்தால் மணிகள் கழியும். நாள் தீர்ந்தால் ஆட்டமே முடிந்துவிடும். ஹப் நகரத்துத் தண்ணீர் வணிகர்களிடம் பணம் கொடுத்து வால்ட்டுக்கு வண்டிகளை அனுப்பச் செய்தால் மேலும் 100 நாள் கிடைக்கும். ஆனால் பேட்ச் போடாத பதிப்பில், அந்த வண்டிகளின் தடத்தால் வால்ட்டின் இருப்பிடம் வெளியே தெரிந்து, மியூட்டண்ட்கள் 100 நாள் முன்னதாகவே வந்துவிடுவார்கள். இன்று வாங்கிய நேரத்துக்கு நாளை விலை கொடுக்க வேண்டும். எளிய கணக்குதான், ஆனால் அதை முதல் முறை உணரும்போது ஏற்படும் பதற்றத்தை வேறு எந்த ரோல் பிளேயிங் கேமிலும் நான் அவ்வளவு கூர்மையாக உணர்ந்ததில்லை.

சிப் கிடைக்கும் நெக்ரோபொலிஸில் இந்தக் கணக்கு ஓர் அறச் சிக்கலோடு பின்னிக்கொள்கிறது. கதிர்வீச்சால் உருச்சிதைந்த கூல்கள் எனப்படும் மனிதர்கள் அந்த ஊரில் வாழ்கிறார்கள். அவர்களுடைய குடிநீரும் அதே சிப்பை நம்பித்தான் இருக்கிறது. நிலத்தடிச் சாக்கடையில் ஒதுங்கி வாழும் கூல்கள், சிப்பை எடுக்கும் முன் பழைய பம்பைச் சரிசெய்து தருமாறு கேட்பார்கள். அதற்கு உதிரிப் பாகங்களைத் தேட வேண்டும், பழுதுபார்க்கும் திறனும் வேண்டும். நாள் குறைவாக இருந்தால் சிப்பைக் கழற்றிக்கொண்டு ஓடிவிடலாம். அவர்கள் தாகத்தில் சாவார்கள். இங்கே கட்டாயம் ஒரு சேவ் வையுங்கள். பம்பைச் சரிசெய்தும், சரிசெய்யாமலும் இரண்டு முறை ஆடிப் பாருங்கள். உங்கள் கதாபாத்திரத்துக்குப் பழுதுபார்க்கும் திறனைச் சிறப்புத் திறனாக எடுக்கச் சொன்னது இதற்காகத்தான்: அந்தத் திறன் இல்லாதவர் இந்த முடிவையே எடுக்க முடியாது, அவருக்காக நாள்காட்டி எடுத்துவிடும்.

இனி ஃபால்அவுட் 2-ஐப் பாருங்கள். அரோயோவில் பயிர் கருகுகிறது, கால்நடைகள் சாகின்றன. கிராமத்தைக் காப்பாற்ற கெக் என்ற ஏதேன் தோட்ட உருவாக்கப் பெட்டியை நீங்கள் தேடிக் கொண்டுவர வேண்டும். காரணம் முதல் ஆட்டத்தைப் போலவே அவசரமானது. பயணத்தின் நடுவே கிராமத்துப் பூசாரி ஹக்குனின் கனவில் வந்து விரைந்து வரச் சொல்லிக் கெஞ்சுவார். மறுபடியும் வருவார், ஒவ்வொரு முறையும் நிலைமை மோசமாகியிருக்கும். ஆனால் நீங்கள் விரைந்தாலும் விரையாவிட்டாலும் கிராமம் உங்களுக்காகக் காத்திருக்கும். 13 ஆண்டு என்ற எட்டாத எல்லையைத் தவிர வேறு கெடு இல்லை. பழைய அமெரிக்க அரசின் எச்சமான என்க்ளேவ் என்ற அமைப்பு கிராமத்து மக்களைக் கடத்திப் போவதும், கெக் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் நடக்கும், அது எந்த ஆண்டில் வந்தாலும் சரி.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. முதல் கனவு வந்த பிறகு ஒரு சேவ் வைத்துவிட்டு, ஏதாவது ஊரில் பல மாதங்கள் ஓய்வெடுங்கள். பிறகு அரோயோவுக்குத் திரும்பிப் போய் அங்குள்ளவர்களோடு பேசுங்கள். கனவின் சொல்லுக்கும் நிலத்தின் நிலைக்கும் இடையே உள்ள இடைவெளி உங்கள் கண்முன் இருக்கும். இதை ஒரு குறையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நாள்கணக்கு நெருக்காததால்தான், இரண்டாவது ஆட்டத்தின் ஊர்களில் சுற்றித் திரியவும், ஓர் ஊரின் சண்டையை அதன் அடிவரை தோண்டவும் நமக்கு மனம் வருகிறது. முதலாவதில் ஹப் போன்ற பெரிய நகரத்தில்கூட ஒவ்வொரு பக்கக் கதையையும் தொடும்போது வால்ட்டின் நினைவு இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஊர்களை எப்படிப் படிப்பது

ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் போதும். எல்லா ஊர்களையும் ஒப்பிட முயன்றால் மீண்டும் பட்டியலுக்கே போய்விடுவோம். முதலாவதில் ஜங்க்டவுன். கடை நடத்திக்கொண்டே ஊரை ஆளும் கில்லியனுக்கும் சூதாட்ட விடுதி நடத்தும் கிஸ்மோவுக்கும் பகை. கில்லியனின் கடையில் நிற்கும்போதே அவரைக் கொல்ல ஒருவன் வருகிறான். பிறகு கிஸ்மோவின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கக் கில்லியன் உங்களை அனுப்புவார். அங்கே போனால் கில்லியனைக் கொல்லக் கிஸ்மோ உங்களுக்கே பணம் தருவார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சண்டை, ஒரு பரிசு, பிறகு ஊர் அமைதியாகிவிடும். முடிவின் முழு விளைவு ஆட்டத்தின் இறுதிக் காட்சியில்தான் தெரியும். நோட்டில் இரண்டு தேதிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி விழும்.

இரண்டாவதில் வால்ட் சிட்டியையும் அதன் அண்டை ஊரான கெக்கோவையும் சேர்த்து எடுங்கள். (கெக் என்ற பெட்டிக்கும் கெக்கோ என்ற ஊருக்கும் தொடர்பில்லை.) வால்ட் சிட்டி தூய்மையான, செழிப்பான, வெளியாரை இழிவாகப் பார்க்கும் நகரம், அங்கே குடியுரிமை இல்லாதவருக்கு உள் வாயிலே திறக்காது. கெக்கோவில் கூல்கள் ஒரு பழைய அணு உலையை ஓட்டுகிறார்கள். அதன் கசிவு வால்ட் சிட்டியின் நிலத்தடி நீரை நஞ்சாக்குகிறது. வால்ட் சிட்டியின் முதல் குடிமகள் லினெட்டுக்குக் கெக்கோ தொல்லையின்றி இருந்தால் போதும், எப்படி என்பதைப் பற்றிக் கவலையில்லை. உலைக்குத் தேவையான பாகமோ வால்ட் சிட்டியின் கிடங்கில் இருக்கிறது. நீங்கள் உலையைச் சரிசெய்யலாம், அதற்கு மேலும் போய் அதைத் திறம்பட இயங்கச் செய்யலாம், வெடித்துச் சிதறவும் விடலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே நீங்கள் எத்தனை முறை நடந்தீர்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஆளின் பேச்சு எப்படி மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரின் நன்மை இன்னோர் ஊரின் கைகளில் இருப்பதாக அமைத்திருப்பதுதான் ஃபால்அவுட் 2-இன் மிகச் சிறந்த சாதனை என்று நான் கருதுகிறேன். முதல் ஆட்டத்தின் ஊர்கள் ஒவ்வொன்றும் உங்கள் பெரிய தேடலுக்குப் பதில் சொல்கின்றன. இரண்டாவதன் ஊர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

நியூ ரீனோவைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அவசரம் இல்லாதபோது. மோர்டினோ, பிஷப், சால்வட்டோரே, ரைட் என்ற நான்கு குற்றக் குடும்பங்களும் ஒரே தெருவில் ஆள்கின்றன. எந்தக் குடும்பத்துக்கு வேலை செய்தாலும் மற்றவை அதை மறப்பதில்லை. முதல் ஆட்டத்தில் இவ்வளவு அடர்த்தியான தெரு ஒன்றுகூட இல்லை.

கூட்டாளிகள்

முதல் ஆட்டத்தில் ஷேடி சாண்ட்ஸ் கிராமத்தில் ஈயன் என்ற துப்பாக்கிக்காரரை உடன் சேர்த்துக்கொள்ளலாம். அவர் கையில் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் நின்று பாருங்கள்: எதிரியை நோக்கி அவர் சுடும் குண்டுமழையில் பாதி உங்கள் முதுகில் இறங்கும். குறுகிய வாசலில் அவர் நின்றுவிட்டால் விலக்க வழியில்லை. அவருக்கு வேறு கவசம் அணிவிக்கவும் முடியாது. டாக்மீட் என்ற நாய் உங்களை விட்டுப் பிரியாது. ராணுவத் தளத்தில் ஆற்றல் தடுப்புகள் நிறைந்த தாழ்வாரங்களில் அது தானாகவே அவற்றில் ஓடி மோதிச் சாவதைப் பார்த்து வருந்தாத ஆட்டக்காரர் குறைவு.

ஃபால்அவுட் 2 இவை அனைத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்தியது. நிற்பவரைத் தள்ளி விலக்கலாம். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எப்போது தொடர்ச்சியாகச் சுட வேண்டும், எந்த நிலையில் ஓட வேண்டும் என்றெல்லாம் கட்டளையிடலாம். கவசம் மாற்றலாம், உங்களோடு அவர்களும் வளர்வார்கள். எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதைக் கவர்ச்சிப் பண்பு தீர்மானிக்கும்: அந்த எண்ணில் பாதி. நம் கதாபாத்திரத்துக்கு இரண்டு பேர். முதல் ஆட்டத்தில் பெரிதாக உறைக்காத அந்த 4 என்ற எண், இங்கே கிளமத் என்ற ஊரில் சூலிக்கையும், டென்னில் விக்கையும் சேர்த்த பிறகு, வால்ட் சிட்டியில் காசிடியை ஏற்க இடமில்லாமல் செய்யும். குறை உறைக்க வேண்டும் என்று சொன்னது இதைத்தான். கூட்டாளி விஷயத்தில் இரண்டாவது ஆட்டத்துக்கே வெற்றி. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

சண்டை முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையால் அடிக்கும் முறைகள் இரண்டாவதில் கூடியிருக்கின்றன, ஆயுதங்கள் கூடியிருக்கின்றன, லெவல் எல்லை 21-லிருந்து 99-க்குப் போயிருக்கிறது. கண்ணைக் குறிபார்த்துச் சுடும் இன்பம் இரண்டிலும் ஒன்றே.

கடைசி எதிரி

இறுதிக் கட்டத்துக்கு முன் இரண்டிலும் ஒரு சேவ் வையுங்கள். பேச்சுத் திறனை மட்டும் நம்பி உள்ளே போங்கள்.

முதல் ஆட்டத்தில் கதீட்ரலின் அடியில் மாஸ்டர் இருக்கிறார். மனிதர்களை எல்லாம் சூப்பர் மியூட்டண்ட்களாக மாற்றி ஒரே இனமாக்கிவிட்டால் போரே இருக்காது என்று உண்மையாகவே நம்புபவர். அவரைச் சுட்டு வீழ்த்தலாம், கதீட்ரலின் அடியிலுள்ள அணுகுண்டை இயக்கிவிட்டு ஓடலாம், அல்லது பேசலாம். சூப்பர் மியூட்டண்ட்களால் பிள்ளை பெற முடியாது என்பதற்கான ஆதாரம், பழைய தொழில்நுட்பத்தைக் காக்கும் ஸ்டீல் சகோதரத்துவம் என்ற அமைப்பின் ஆய்வாளர் விரீயிடம் ஒரு வட்டில் இருக்கிறது. பல மணி நேரத்துக்கு முன், அதன் பயன் தெரியாமலே நீங்கள் வாங்கியிருக்கக்கூடிய அந்த வட்டை மாஸ்டரின் முன் வைத்தால், தன் திட்டத்துக்கு எதிர்காலமே இல்லை என்று அவர் புரிந்துகொள்வார். தாம் செய்த கொடுமைகள் அனைத்தும் வீண் என்பதைத் தாங்க முடியாமல் தம்மைத் தாமே அழித்துக்கொள்வார். பேச்சுத் திறன் உயர்ந்திருந்தால் மட்டும் போதாது, உண்மை கையில் இருக்க வேண்டும் என்ற இந்த நிபந்தனையே இந்தக் காட்சியை உயர்த்துகிறது. இரு தேதிகளுக்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகமாகவும் மிகப் பொருளுள்ளதாகவும் அமைவது இங்கேதான்.

ஃபால்அவுட் 2-இல் கடலின் நடுவே எண்ணெய்க் கிணற்றுத் தளத்தில் என்க்ளேவ் இருக்கிறது. அதிபர் ரிச்சர்ட்சனோடு பேசலாம். விஞ்ஞானி கர்லிங்கை மனம் மாற்றி, அவர்கள் உலகத்துக்காகத் தயாரித்த கிருமியை அவர்கள்மீதே ஏவச் செய்யலாம். இது மிக நல்ல காட்சி. ஆனால் வெளியேறும் வழியில் என்க்ளேவின் போர்வீரன் ஃபிராங்க் ஹாரிகன் நிற்பான், அவனோடு பேச வழியே இல்லை. அங்கிருக்கும் படைவீரர் குழுவை உங்கள் பக்கம் இழுக்கலாம், தளத்தின் துப்பாக்கிகளை அவன்மீது திருப்பலாம். இருந்தாலும் சண்டை நடந்தே தீரும். பேச்சை நம்பி வளர்த்த நம் கதாபாத்திரம் இங்கே படும் பாட்டை முழுமையாக எழுதுங்கள். எல்லா விதமான ஆட்டக்காரருக்கும் வழி வைத்த ஒரு தொடர், தன் கடைசி வாசலில் ஒரே ஒரு வழியை வைத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எண்பது ஆண்டுகளின் கணக்கு

முதல் ஆட்டத்தின் சேவ் கோப்பை இரண்டாவது படிப்பதில்லை. அதனால் நீங்கள் செய்ததைப் பொருட்படுத்தாமல், ஒரு வரலாற்றை அது தானே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஷேடி சாண்ட்ஸில் கொள்ளையரிடமிருந்து மீட்கப்பட்ட சிறுபெண் டாண்டி, 80 ஆண்டுகளுக்குப் பிறகு நியூ கலிபோர்னியக் குடியரசின் முதிய அதிபராக இருக்கிறார். அந்தச் சிறு கிராமம்தான் அதன் தலைநகரம். முதல் ஆட்டத்தின் ஹப்பில் சந்தித்த ஹெரால்ட் என்ற உருமாறிய முதியவர், கெக்கோவில் உலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். நோட்டில் முதல் ஆட்டத்தின் முடிவுகளை எழுதிய பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த இடங்களுக்குப் போங்கள். டாண்டியை நீங்கள் காப்பாற்றாமல் விட்டிருந்தால், இங்கே உங்கள் கதை எங்கே விலகுகிறது என்று தெரியும். நகைச்சுவையின் அளவையும் இங்கேயே குறித்துவிடுங்கள்: பேசும் செடி, சதுரங்கம் ஆடும் தேள், திரைப்படக் குறிப்புகள் எனப் பல இடங்களில் இரண்டாவது ஆட்டம் சிரிக்க வைக்க முயல்கிறது. முதலாவதில் இத்தகையவை வரைபடத்தின் அரிய தற்செயல் சந்திப்புகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். இரண்டாவதில் அவை ஊருக்குள்ளேயே வந்துவிட்டதால் அந்த உலகத்தின் துயரம் சற்று நீர்த்துப்போகிறது.

நேரம் இருந்தால் இன்னொரு சுற்று ஆடுங்கள், அறிவுப் பண்பை 3-க்குக் குறைத்து. முதல் ஆட்டத்தில் உங்கள் கதாபாத்திரம் உறுமலும் அரைகுறைச் சொல்லுமாகப் பேசும். பேச்சின் வழியே கிடைக்கும் பல பணிகள் அடைபட்டுவிடும். இரண்டாவதில் கிளமத்துக்குப் போய், மாடு மேய்க்கும் டோர் என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞனிடம் பேசுங்கள். அறிவு கூடிய கதாபாத்திரத்துக்குப் புரியாத அவன் பேச்சு, இப்போது செறிவான, அழகிய உரையாடலாக மாறியிருக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். பேசி முடித்ததும் உங்கள் முதல் கதாபாத்திரத்தின் சேவைத் திறந்து, அதே டோரிடம் அதே இடத்தில் மீண்டும் பேசி, இரண்டு உரையாடல்களையும் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.